தம்பியின் பழைய தண்டனைகளை வேலைப் படிவத்திலும் காப்புறுதியிலும் சொல்லத்தான் வேண்டுமா? (இங்கிலாந்து)

வைகறை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்துச் சட்டம் தெரிந்தவர்களிடம் ஒரு விடயத்தில் தெளிவு பெற விரும்புகிறேன்.

என் தம்பி எங்கள் வீட்டில், என் கணவருடனும் பிள்ளைகளுடனும் சேர்ந்து வசிக்கிறான். 2020 நவம்பரில், ஒரு கைகலப்பில் இன்னொருவருக்குக் காயம் ஏற்படுத்தியதற்காக, கிரவுன் நீதிமன்றம் அவனுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதைப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒத்திவைத்தது. சம்பளமற்ற சமூக வேலையை அவன் முழுமையாகச் செய்து முடித்தான். சிறைக்குப் போக நேரவில்லை. பின்னர் 2022 மார்ச்சில், மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியதற்காக நீதவான் நீதிமன்றம் தண்டப்பணமும் பதினான்கு மாத ஓட்டத் தடையும் விதித்தது. அதன் பின்னர் அவன் மதுவைத் தொடவே இல்லை.

இப்போது மூன்று படிவங்கள் ஒன்றாக வந்து நிற்கின்றன. முதலாவது, ஒரு களஞ்சியசாலை வேலைக்கான விண்ணப்பம். அதில் 'அன்ஸ்பென்ட்' குற்றத்தீர்ப்புகள், அதாவது இன்னும் காலங்கடவாத தீர்ப்புகள், உண்டா என்று கேட்டிருக்கிறார்கள், பேசிக் டி.பி.எஸ். சான்றிதழும், அதாவது குற்றப் பதிவைக் காட்டும் அடிப்படைச் சான்றிதழும், எடுப்பார்களாம். இரண்டாவது, எங்கள் வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் படிவம். அதில் வீட்டில் வசிக்கும் எவருக்காவது தண்டனை உண்டா என்ற கேள்வி இருக்கிறது. மூன்றாவது, நிரந்தர வதிவிட உரிமை பெற்றுள்ள தம்பி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறான். தெரிந்தவர்களிடம் கேட்டால், ஒருவர் எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார், மற்றவர் வாழ்நாள் முழுவதும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். பொய் சொல்லவும் எங்களுக்கு விருப்பமில்லை, சட்டம் கேட்காததைச் சொல்லி அவன் வேலையைக் கெடுக்கவும் விருப்பமில்லை. உண்மையான நிலை என்ன?

பனைமரம் எழுதியது:

சகோதரி, கவலைப்பட வேண்டாம். தண்டப்பணம் என்றால் தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுதான். ஒத்திவைக்கப்பட்ட தண்டனையும் நிறைவேறாமலே முடிந்துவிட்டது. ஆகவே இரண்டும் காலங்கடந்துவிட்டன என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். வேலைப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதலாம்.

கரையோரம் எழுதியது:

பனைமரம் அவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த விடையை அப்படியே படிவத்தில் எழுத வேண்டாம் என்று வைகறை அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சட்ட ஆலோசனை நிலையத்தில் தொண்டராக இருந்து இப்படிப்பட்ட பல படிவங்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இங்கே பொருந்துவது 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் புனர்வாழ்வுச் சட்டம். ஒவ்வொரு தண்டனைக்கும் ஒரு புனர்வாழ்வுக் காலம் உண்டு. அது முடிந்ததும் அந்தத் தீர்ப்பு 'ஸ்பென்ட்' ஆகிறது, அதாவது காலங்கடந்ததாகிறது. அந்தக் காலங்கள் 2023 அக்டோபர் 28 முதல் குறைக்கப்பட்டன. அதற்கு முன்னர் வழங்கப்பட்ட தீர்ப்புகளுக்கும் புதிய கணக்கே பொருந்தும். பதினெட்டு வயதைக் கடந்தவருக்கு ஓராண்டு வரையான சிறைத்தண்டனை என்றால் தண்டனைக் காலம் முடிந்து மேலும் ஓராண்டு; ஓராண்டுக்கு மேல் நான்கு ஆண்டு வரை என்றால் மேலும் நான்கு ஆண்டு; நான்கு ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் மேலும் ஏழு ஆண்டு. ஆயுள் தண்டனையும், பாரதூரமான வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்களுக்காக நான்கு ஆண்டுக்கு மேல் விதிக்கப்பட்ட தண்டனைகளும் ஒருபோதும் காலங்கடப்பதில்லை.

ஒத்திவைக்கப்பட்ட தண்டனையைச் சட்டம் சிறைத்தண்டனையாகவே பார்க்கிறது. சிறைக்குப் போகவில்லை என்பதால் கணக்கு மாறாது. அதே வேளையில், எவ்வளவு காலத்துக்கு ஒத்திவைத்தார்கள் என்பதும் கணக்கில் வராது. எத்தனை மாதச் சிறை என்பதே அளவுகோல். எட்டு மாதமும் ஓராண்டும் சேர்ந்தால் இருபது மாதங்கள். ஆகவே 2020 நவம்பர்த் தீர்ப்பு, வேறு கட்டளை எதுவும் அதனுடன் இல்லையென்றால், 2022 ஜூலையோடு காலங்கடந்ததாகவே இன்று கருதப்படும்.

இரண்டாவது தீர்ப்பில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே தீர்ப்பில் பல தண்டனைகள் சேர்ந்திருந்தால், அவற்றில் மிக நீண்ட புனர்வாழ்வுக் காலம் எதுவோ அதுவே அந்தத் தீர்ப்பு முழுவதற்கும் பொருந்தும். தண்டப்பணத்துக்கு ஓராண்டு என்பது சரி. ஓட்டத் தடை பதினான்கு மாதத்தில் முடிந்தது என்பதும் சரி. ஆனால் மது அருந்தி வாகனம் ஓட்டிய வழக்கில் நீதிமன்றம் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஒரு குறிப்பையும் பதியச் செய்கிறது. 'என்டோர்ஸ்மென்ட்' எனப்படும் அந்தக் குறிப்புக்குத் தனியாக ஐந்து ஆண்டுப் புனர்வாழ்வுக் காலம் உண்டு. தண்டனையை வாசிக்கும்போது தண்டப்பணமும் தடையும்தான் காதில் விழுகின்றன. குறிப்பை எவரும் தண்டனையாக நினைப்பதில்லை. எனவே உங்கள் தம்பியின் 2022 தீர்ப்பு 2027 மார்ச் வரை காலங்கடவாததாகவே இருக்கும், அதுவரை எடுக்கும் பேசிக் டி.பி.எஸ். சான்றிதழிலும் தோன்றும். 'இல்லை' என்று எழுதிவிட்டுச் சான்றிதழில் அது வெளிவந்தால், தீர்ப்பைவிட அந்தப் பொய்தான் அவருக்கு வேலையை இழக்கச் செய்யும்.

வேறொரு அச்சம் எழக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தீர்ப்பின் காலம் முடிவதற்குள் இரண்டாவது தீர்ப்பு வந்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிந்திய தேதி வரை நீளும் என்று ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் நீதவான் நீதிமன்றத்தில் மட்டுமே விசாரிக்கக்கூடிய சிறுகுற்றங்களுக்கு அந்த விதி பொருந்தாது. மது அருந்தி வாகனம் ஓட்டுவது அந்த வகையைச் சேர்ந்தது என்பதால், 2022 தீர்ப்பு 2020 தீர்ப்பின் காலத்தை நீட்டாது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: 2020 வழக்கில் காயமடைந்தவருக்கு நட்டஈடு கட்டும்படி நீதிமன்றம் கட்டளையிட்டதா? அல்லது அவரை நெருங்கக் கூடாது என்ற தடைக் கட்டளை ஏதும் இருந்ததா? நீதிமன்றம் தந்த தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தென்றல்வீதி எழுதியது:

பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எம்மவர்கள் மிகுந்த விலை கொடுப்பது இந்த இடத்தில்தான்.

மேலே கரையோரம் விளக்கிய கணக்கு எதுவும் உள்துறை அமைச்சின் முன் செல்லாது. 2012 அக்டோபர் முதல், குடிவரவு, பிரஜாவுரிமை தொடர்பான முடிவுகளுக்குப் புனர்வாழ்வுச் சட்டத்தின் பாதுகாப்பு நீக்கப்பட்டிருக்கிறது; 2007ஆம் ஆண்டின் ஐக்கிய இராச்சிய எல்லைகள் சட்டத்தில் அதற்கென 56ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஆகவே அந்தப் படிவத்தில் இரண்டு தீர்ப்புகளையும், அவை காலங்கடந்தவையாக இருந்தாலும், தேதி, நீதிமன்றம், தண்டனை ஆகிய விபரங்களோடு எழுத வேண்டும். வேறு நாட்டில் பெற்ற தண்டனை இருந்தாலும் எழுத வேண்டும். நன்னடத்தை என்ற நிபந்தனையில் பழைய குற்றம் பாதகமாகத்தான் இருக்கும், ஆனால் அதை மறைத்தது தெரியவந்தால் ஏமாற்றுதல் என்ற இன்னொரு காரணமும் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கறை பழைய குற்றத்தைவிட நீண்ட காலம் தொடரக்கூடியது. வேலைப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதும் உரிமை கிடைத்த பலர், அதே பழக்கத்தில் உள்துறை அமைச்சின் படிவத்திலும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் வேறாகவே வைத்திருங்கள்.

விண்ணப்பக் கட்டணம் பெரிய தொகை. நிராகரித்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்காது. எனவே விண்ணப்பிக்கும் முன், குடிவரவு ஆலோசனை வழங்கப் பதிவு பெற்ற ஒருவரிடமோ சட்டத்தரணியிடமோ இரண்டு தீர்ப்புத் தாள்களையும் காட்டி, இப்போது விண்ணப்பிப்பதா, சற்றுக் காலம் தாழ்த்துவதா என்று கேளுங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று கடை வைத்திருப்பவர் எவரிடமும் இதைக் கொடுக்க வேண்டாம்.

வைகறை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கரையோரம் அவர்கள் கேட்ட பிறகு பழைய கோப்பைத் தேடி எடுத்தோம். தடைக் கட்டளை எதுவும் இல்லை. ஆனால் 700 பவுண் நட்டஈடு கட்டும்படி கட்டளை இருக்கிறது. தம்பி அதை மாதத் தவணையாகக் கட்டி வந்திருக்கிறான். இடையில் வேலை போனபோது தவணை நின்றுவிட்டது, பிறகு நாங்கள் வீடு மாறினோம். இன்னும் 85 பவுண் மீதி இருக்கும் போலத் தெரிகிறது. முழுவதும் கட்டியாயிற்று என்றுதான் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். இது கணக்கை மாற்றுமா? 2022 தண்டப்பணத்திலும் ஒரு சிறு தொகை பிந்தித்தான் கட்டப்பட்டது.

கரையோரம் எழுதியது:

மாற்றும். இதைத் தேடிப் பார்த்தது மிக நல்லது.

தண்டப்பணத்தையும் நட்டஈட்டையும் சட்டம் வெவ்வேறாக நடத்துகிறது. தண்டப்பணத்தைப் பிந்திக் கட்டினாலும் அதன் ஓராண்டுக் கணக்கு தீர்ப்புத் தேதியிலிருந்தே ஓடும். பாக்கி இருப்பதால் அது நிற்பதில்லை. நட்டஈட்டுக் கட்டளைக்கோ குறித்த ஆண்டுக் கணக்கு கிடையாது. முழுத் தொகையும் கட்டி முடிக்கும் நாளில்தான் அதன் புனர்வாழ்வுக் காலம் முடிகிறது. அந்தப் பணம் அரசுக்குப் போவதல்ல, காயமடைந்தவருக்குச் சேர வேண்டியது என்பதை நினைத்தால், இந்த வேறுபாடு நியாயமானதென்றே எனக்குப் படுகிறது. ஆகவே அந்த 85 பவுண் பாக்கி இருக்கும் வரை, 2022 ஜூலையில் முடிந்திருக்க வேண்டிய 2020 தீர்ப்பு, சட்டப்படி இன்றும் காலங்கடவாத தீர்ப்புத்தான்.

இதைச் சரிசெய்வது எளிது. நீதிமன்றத்தின் தண்டப்பண அறவீட்டுப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, பழைய வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, எவ்வளவு மீதி என்று கேளுங்கள். புதிய முகவரியையும் கொடுங்கள். பாக்கிக்கான அறிவித்தல்கள் பழைய முகவரிக்குப் போயிருக்கக்கூடும். மீதியை ஒரே தடவையில் கட்டி, முழுவதும் கட்டித் தீர்ந்தது என்பதற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கட்டிய நாளிலேயே அந்தத் தீர்ப்பு காலங்கடந்ததாகிவிடும். அதன் பின்னர் வேலைப் படிவத்தை நிரப்புங்கள். அப்போது அவர் சொல்ல வேண்டியது 2022 தீர்ப்பு ஒன்றை மட்டுமே. படிவம் அனுப்பும் முன் பேசிக் டி.பி.எஸ். சான்றிதழை அவரே தன் பெயரில் விண்ணப்பித்துப் பெற்றுப் பார்ப்பதும் நல்லது. முதலாளி எடுக்கும் சான்றிதழில் என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நீதிமன்றக் கோப்பு எல்லோரிடமும் இருப்பதில்லை என்பதால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்: பொலிஸ் கணினியில் உங்களைப் பற்றி இருக்கும் பதிவின் பிரதியை நீங்களே கேட்டுப் பெறலாம். ஆனால் அந்த முழுப் பிரதியைக் கொண்டுவரும்படி ஒரு முதலாளி வற்புறுத்துவது 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் காலங்கடந்த தீர்ப்புகளும் இருக்கும், அவற்றைப் பார்க்க அவருக்கு உரிமை இல்லை.

வீட்டுக் காப்புறுதிக்கு வருகிறேன். காலங்கடந்த தீர்ப்பைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரடியாகக் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. தனிநபர் காப்புறுதியில், 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தின்படி, உங்கள் கடமை கேட்ட கேள்விக்குப் போதிய கவனத்தோடு உண்மையான விடை தருவதுதான். எனவே கேள்வியின் சொற்களைக் கூர்ந்து வாசியுங்கள். பல வீட்டுக் காப்புறுதிப் படிவங்கள் வாகனம் சாராத குற்றங்களை மட்டுமே கேட்கின்றன. உங்கள் படிவமும் அப்படியென்றால், நட்டஈடு கட்டி முடிந்த பின் நீங்கள் சொல்ல வேண்டியது எதுவுமே இருக்காது. எல்லாக் குற்றங்களையும் கேட்டால், 2022 தீர்ப்பைச் சொல்ல வேண்டும். வாகனக் காப்புறுதியில் கேட்டால் சொல்லியாக வேண்டும். அனுமதிப்பத்திரப் பதிவில் அந்தக் குறிப்பு பதினொரு ஆண்டு இருக்கும் என்பது வேறு விடயம். ஐந்து ஆண்டு முடிந்த பின் காப்புறுதி நிறுவனம் அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

முகில்வாசல் எழுதியது:

மேலே சொன்னவை களஞ்சியசாலை போன்ற பொதுவான வேலைகளுக்குப் பொருந்தும். உங்கள் தம்பி பின்னாளில் டாக்சி ஓட்டவோ, முதியோர் பராமரிப்பிலோ பாடசாலையிலோ பணிபுரியவோ நினைத்தால் நிலைமை வேறு. புனர்வாழ்வுச் சட்டத்துக்கான 1975ஆம் ஆண்டின் விதிவிலக்குக் கட்டளையில் அடங்கும் பணிகளில் காலங்கடந்த தீர்ப்புகளையும் கேட்கலாம். ஸ்டாண்டர்ட், என்ஹான்ஸ்ட் எனப்படும் விரிவான டி.பி.எஸ். சான்றிதழ்களில் அவை வரும். அங்கே வடிகட்டும் விதி ஒன்று இருக்கிறது: பட்டியலிடப்பட்ட கடுமையான குற்றமாக இல்லாமலும் சிறைத்தண்டனை விதிக்கப்படாமலும் இருந்தால், வயது வந்தவருக்குப் பதினோராண்டு கழிந்த பின் தீர்ப்பு சான்றிதழிலிருந்து விலகும். அவரது 2020 தீர்ப்பு, ஒத்திவைத்த சிறைத்தண்டனை என்பதால், அப்படி விலகாது. முன்பு ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகள் இருந்தாலே எதுவும் விலகாது என்ற விதி இருந்தது. உயர்நிலை நீதிமன்றமான சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பின் பின்னர், 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டது. இளவயதில் செய்த இரண்டு சிறு தவறுகளுக்காகப் பல ஆண்டுகள் கழித்தும் தாதியர் பயிற்சியில் சேர முடியாமல் தவித்தவர்களுக்கு அந்த மாற்றம் மிகவும் தேவைப்பட்டது.

இணையத்தேடல் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தி ஒன்று தம்பியின் பெயரைத் தேடும்போது வருமானால், தீர்ப்பு காலங்கடந்த பின் அந்த இணைப்பைத் தேடல் முடிவிலிருந்து நீக்கும்படி கூகுளிடம் கோரலாம். 2018இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் பெயர் மறைக்கப்பட்ட இரு வணிகர்கள் இதற்காகக் கூகுளுக்கு எதிராக வழக்காடினார்கள். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார். காலங்கடந்தது என்பது வலுவான காரணம், ஆனால் அது மட்டுமே போதும் என்று கொள்ள முடியாது.

வைகறை எழுதியது:

பேசிவிட்டோம். மீதி 85 பவுண்தான். தம்பி அன்றே கட்டினான். அத்தாட்சிக் கடிதம் அனுப்புவதாகச் சொன்னார்கள். காப்புறுதிப் படிவம் வாகனம் சாராத குற்றங்களை மட்டுமே கேட்கிறது. பிரஜாவுரிமையை ஒரு சட்டத்தரணியைப் பார்க்கும் வரை தள்ளி வைத்திருக்கிறோம். வேலைப் படிவத்தில் 2022 விடயத்தை எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்வீர்களா? எவ்வளவு விளக்கமாக எழுத வேண்டும்?

கரையோரம் எழுதியது:

சுருக்கமாக எழுதுங்கள். குற்றம், தீர்ப்பு வந்த மாதமும் ஆண்டும், கிடைத்த தண்டனை ஆகியவை முதல் இரண்டு வாக்கியங்களில் வரட்டும். அடுத்து, ஓட்டத் தடை முடிந்தது, தண்டப்பணம் கட்டித் தீர்ந்தது, அதன் பின்னர் மது அருந்துவதில்லை என்று அவர் சொல்லக்கூடிய உண்மைகள் வரட்டும். யார் மீதும் பழி போட வேண்டாம், நீண்ட மன்னிப்பும் வேண்டாம். படிவத்தில் இடம் போதாவிட்டால், தனித் தாளில் எழுதி மூடிய உறையில் ஆட்சேர்ப்புப் பிரிவுக்குக் கொடுக்கலாம். அப்போது படிவத்தில் 'உண்டு, விபரம் தனியே இணைக்கப்பட்டுள்ளது' என்று மட்டும் குறித்தால் போதும்.

2020 தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். நேர்முகத்தில் 'வேறு ஏதும் உண்டா' என்று கேட்டாலும், இந்த வேலையைப் பொறுத்தவரை 'இல்லை' என்பதே சட்டம் அவருக்குத் தந்திருக்கும் விடை. அதைச் சொல்லும்போது அவர் தயங்கத் தேவையில்லை. புனர்வாழ்வுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, காலங்கடந்த தீர்ப்புக்கு உரியவரை அந்தக் குற்றத்தைச் செய்யாதவராகவே நடத்தச் சொல்கிறது. அதைச் சொல்லவில்லை என்பதற்காகப் பிற்பாடு அவரை வேலையிலிருந்து நீக்குவதும் முறையான காரணமாகாது. அனுப்பும் முன், 2022 தீர்ப்பைப் பற்றி எழுதியதை யாராவது ஒருவர் வாசித்துப் பார்ப்பது நல்லது. அன்லொக் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவித் தொலைபேசியில் இதற்கென்றே ஆலோசனை தருகிறார்கள். தீர்ப்பு எப்போது காலங்கடக்கும் என்று கணக்கிடும் கருவியும் அவர்களிடம் இருக்கிறது. நட்டஈட்டுக்கான அத்தாட்சிக் கடிதம் கைக்கு வந்ததும் இரண்டு தீர்ப்புகளின் தேதிகளையும் அந்தக் கருவியில் இட்டு, நான் மேலே சொன்ன கணக்கோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.